அடுத்தடுத்த இரண்டு எண்கள்

கவுண்டரில் இருந்த பெண் கணினித் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற கீத்தைப் பார்த்தாள். மறுபடியும் திரைக்குப் போனாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்தப் பார்வையைப் பார்த்துப் பழகியவள் நான்.

"புவான், உங்க திருமணப் பதிவ சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது. ரெண்டு பேரும் ஆம்பளைன்னு காட்டுது" என்று மலாயில் சொன்னாள்.

பாவம், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனாலும் பின்னால் வரிசையில் நின்ற ஆளுக்குக் கேட்டுவிட்டது. அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை அளந்தார்.

"என்ன அண்ணே பாக்கிறீங்க? எங்கயாவது எழுதி ஒட்டியிருக்கா?" என்று கேட்டேன். கீத் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தான்.

கீத் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். யார் பதறினாலும் தான் பதறாமல் இருப்பதுதான் அவன் பிழைப்பு. நான் அதற்கு நேர்மாறு. வீடு வரும்வரை கார்க் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தேன். பதிவுத் தாள் கையில் இருந்தால்தான் தேவாலயத்தில் கல்யாணம் என்று பாதிரியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மண்டபம் எடுத்தாயிற்று. மூன்று மாதம்தான் இருந்தது.

அந்தப் பெண் கொடுத்த தாளைக் கீத் சிக்னலில் நின்றபோது படித்தான். அடையாள எண்ணைத் திருத்த வேண்டும். பிழை இரட்டைப் பிள்ளைகளின் பதிவில் நடந்திருப்பதால் நானும் என்னோடு இரட்டையாகப் பிறந்தவனும் ஒரே நாளில் சேர்ந்து வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"தனேஸ்வரன்கிட்ட பேசு" என்றான்.

"அவன் வர மாட்டான்லா."

"கேக்காம எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியும். முதலில் வராதவள் நான்தான்.

எங்கள் நாட்டில் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு இலக்கத்தில் ஓர் எண் உண்டு. என் எண்ணை முழுக்க இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே எவனாவது என் பெயரில் கைப்பேசி வாங்கிவிடுவான். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பேராக் மாநிலத்துக்கு உரிய 08. கடைசி நான்கை மட்டும் சொல்கிறேன்: 5167. கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் ஆள் ஆண், இரட்டைப்படையாக இருந்தால் பெண். என்னுடையது ஏழில் முடிகிறது. பிறப்புச் சான்றிதழில் பெண் என்றுதான் அச்சடித்திருக்கிறது, ஆனால் கணினிகள் பல நேரம் அதைப் படிப்பதில்லை. கடைசி இலக்கத்தைப் பார்த்துவிட்டு என்னை 'என்சிக் தினேஸ்வரி', அதாவது திரு. தினேஸ்வரி, என்கின்றன.

என்னோடு பிறந்த தனேஸ்வரனுக்கு 5168. அவன் 'புவான் தனேஸ்வரன்', திருமதி.

இது எப்படி நடந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து மருத்துவமனையில் பிறந்தோம். முதலில் வெளியே வந்தவள் நான். கால் மணி நேரம் கழித்து அவன். ஆனால் எங்கள் ஆட்களின் கணக்கு வேறு. இரட்டையில் பின்னால் வருவதுதான் மூத்தது. முதலில் உள்ளே போனது அதுதான், வாசலோரம் கிடந்தது முந்திக்கொண்டு வந்துவிட்டது என்பார்கள். எங்கள் அப்பா மாயாண்டிக்கு இதில் இம்மியும் சந்தேகம் இருந்ததில்லை.

பிரசவம் பார்த்த டிரசர், வந்த வரிசைப்படி முதல் பிள்ளை பெண், இரண்டாம் பிள்ளை ஆண் என்று ஒரு தாளில் எழுதினார். தோட்டத்து அலுவலகக் கிராணி பதிவுப் பாரத்தை நிரப்பும்போது அப்பாவிடம், "மூத்தது எது?" என்று கேட்டார். அப்பா நெஞ்சை நிமிர்த்தி, "ஆம்பளப் புள்ளைங்க" என்றார். அதனால் பாரத்தில் முதல் பிள்ளை தனேஸ்வரன், இரண்டாம் பிள்ளை தினேஸ்வரி. இரண்டு தாளையும் ஒரே ஊசியில் குத்தி அனுப்பினார்கள். பெயரைப் பாரத்திலிருந்து எடுத்தவர்கள் எண்ணை டிரசரின் தாளைப் பார்த்துப் போட்டுவிட்டார்கள். முதல் பிள்ளைக்குப் பெண்ணின் எண், இரண்டாம் பிள்ளைக்கு ஆணின் எண். ஒவ்வொரு தாளும் தனித்தனியே உண்மைதான். ஒன்றாகப் படித்தபோது தப்பாகிவிட்டது.

அவனை 'அண்ணே' என்று கூப்பிடச் சொல்லி அப்பா எவ்வளவோ மிரட்டினார். நான் கூப்பிட்டதில்லை. கால் மணி நேரம் முன்னால் வந்தவள், 'டேய்' என்றுதான் கூப்பிட்டேன்.

எண் மாறியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளியில் ஒரு தடவை பையன்களின் ஓட்டப் பந்தயப் பட்டியலில் என் பெயர் வந்தது. நானும் ஓடி மூன்றாவதாக வந்தேன். தனே அப்படி இல்லை. அவன் எண்களோடு வாழ்ந்தவன். லோரி எண், வீட்டு எண், பஸ் டிக்கெட்டின் எண் என்று எதைக் கண்டாலும் உடனே அதைக் காரணிகளாக உடைத்துப் பார்ப்பான். தன் எண்ணை மட்டும் அவனால் பார்க்கவே முடியாது. கூட்டாளிகள் அந்த எட்டைச் சொல்லிச் சொல்லி அவனைச் சீண்டினார்கள்.

2008-இல் அவனுக்கு வேறொரு மாநிலத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. கணிதம் படிக்க. எங்கள் தோட்டத்திலிருந்து அப்படிப் போன முதல் ஆள் அவன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கினால், விடுதிப் பட்டியலில் அவன் பெயர் பெண்கள் கட்டடத்தில் இருந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள். அங்கிருந்த அதிகாரி நல்லவர்தான். ஒரு வாரத்துக்குள் எண்ணைத் திருத்திக்கொண்டு வா, இடத்தை வைத்திருக்கிறேன் என்றார். ஈப்போ பதிவு அலுவலகத்தில் நாள் கிடைக்கும்வரை தனே காவலாளியின் அறையில் படுத்திருந்துவிட்டு, ஒரு புதன்கிழமை வீட்டுக்கு வந்தான்.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு ஈப்போவுல. நீயும் வந்து கையெழுத்துப் போடணும். ரெண்டு பேரும் இல்லன்னா முடியாதாம். வெள்ளிக்கிழமையோட எடம் போயிடும்" என்றான்.

"வாரேன்லா" என்றேன்.

அன்று சாயங்காலமே ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையிலிருந்து எனக்குப் போன் வந்தது. மறுநாள் பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. மனுவில் 5167 என்று எழுதிக் கொடுத்திருந்தேன். காலையில் எண்ணை மாற்றிவிட்டுப் பத்து மணிக்குப் போய் நின்றால், இது வேறு ஆள் என்று துரத்திவிடுவார்களோ என்று பயந்தேன். தோட்டத்தை விற்று அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திய வருடம் அது. இதெல்லாம் காரணம்தான். ஆனால் தனேயிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் கெஞ்சுவான், கெஞ்சினால் நான் இளகிவிடுவேன் என்று தெரிந்தே சொல்லவில்லை. அவன் விடிவதற்குள் முதல் பஸ்ஸில் ஈப்போவுக்குப் போய்விட்டான். நான் அடுத்த பஸ்ஸில் வருவதாகப் பேச்சு. அடுத்த பஸ்ஸில் ஏறி ஜெலாப்பாங்குக்குப் போனேன்.

திரும்பி வந்து, "பஸ்ஸே வரலடா" என்றேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்துத் தொழிற்சாலைச் சீருடை வீட்டுக்கு வந்தபோதும் கேட்கவில்லை.

கல்லூரி இடம் போயிற்று. அவன் ஒரு செம்பனை ஆலையில் லோரிகளை எடை போடும் வேலையில் சேர்ந்தான். அப்போதுதான் அந்த நோட்டுப் புத்தகங்கள் ஆரம்பித்தன. லோரி வராத நேரமெல்லாம் குனிந்து எதையோ வகுத்துக்கொண்டே இருப்பான். என்னடா செய்கிறாய் என்று கேட்டால் மூடிவிடுவான். ஆறு வருடம் கழித்து ஒரு தீபாவளியன்று, நான் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தபோது, இருபத்திரண்டு நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"உன் நம்பர் பகா எண்" என்றான்.

"என்னது?"

"5167-ல முடியிற உன் பன்னெண்டு எலக்க நம்பர். ஒண்ணாலயும் அதாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாது. ஒம்பது லட்சத்து நாப்பத்தொம்பதாயிரம் வரைக்கும் உள்ள அத்தன பகா எண்ணாலயும் வகுத்துப் பாத்துட்டேன். அதுக்கு மேல பாக்கத் தேவையில்ல. ரெண்டு காரணியும் அதவிடப் பெருசா இருந்தா, பெருக்குனா உன் நம்பரத் தாண்டிடும்."

ஒரு நோட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக வகுத்தல், ஒவ்வொன்றின் முடிவிலும் சிவப்பு மையில் மீதி. எழுபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள். ஒரு நாளைக்கு முப்பது, முப்பத்தைந்து என்று போட்டிருக்கிறான். எனக்குத் தலை சுற்றியது, கோபமும் வந்தது.

"கம்ப்யூட்டர்ல போட்டா ஒரு நொடியில சொல்லியிருக்கும்லா!"

"போட்டேன். நேத்து. அதுவும் இதான் சொல்லுச்சி."

"அப்புறம் எதுக்குடா ஆறு வருசம்?"

"எனக்கு வரவேண்டிய நம்பர்லா அது. வேற யாரு பாப்பாங்க?" என்றான். பிறகு என் கையிலிருந்த நோட்டை வாங்கிக்கொண்டு, "என்கிட்ட இருக்கிறது நாலு தடவ பாதியா உடையிற நம்பர். கடைசி நாலு எலக்கத்தப் பாத்தாலே பதினாறால போவும்னு தெரிஞ்சிடும். அதுக்கு நோட்டே வேணாம்" என்றான்.

குற்ற உணர்ச்சி வந்தால் எனக்கு வாய் நீளும். "ரெண்டும் பக்கத்துப் பக்கத்து நம்பர்தானடா. என்னமோ பெரிய வித்தியாசம் மாதிரி பேசுற" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "பக்கத்துப் பக்கத்து நம்பருக்குத்தான் ஒண்ணுமே ஒத்துப் போவாது. ஒரு காரணி ரெண்டு நம்பரையும் வகுத்தா, ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்தையும் வகுக்கணும். வித்தியாசமே ஒண்ணுதான். அதனால ஒண்ண விட்டா பொதுக்காரணியே கெடையாது. எவ்வளவு பெரிய நம்பரா இருந்தாலும் அப்படித்தான்."

நோட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு அப்பாவின் காரியத்தில்தான் பார்த்தோம். அங்கேயும் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

அவனிடம்தான் இப்போது போய் நிற்க வேண்டும்.

மூன்று நாள் தள்ளிப் போட்டேன். அந்த மூன்று நாளில் வீட்டில் இருந்த எல்லா அலமாரிகளையும் அடுக்கினேன், அடுக்கியதைக் கலைத்தேன். வேலையில் இரண்டு பேரைக் காரணமில்லாமல் திட்டினேன். நாலாம் நாள் கீத் கார்ச் சாவியை என் கையில் வைத்து, "போ. வரலன்னா பதிவு இல்லாத கல்யாணத்துக்கு வேற பாதிரியாரத் தேடுவோம்" என்றான். அப்படி ஒரு பாதிரியார் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

ஆலை வாசலில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் நின்றன. எண்ணெயும் புளித்த வாடையும். நாங்கள் பிறந்த மருத்துவமனை இருந்த இடத்தைத் தாண்டித்தான் வந்தேன். அங்கே இப்போது ஒரு தாமான் குடியிருப்பு, எல்லா வீட்டுக்கும் ஒரே நிறக் கூரை. தனே எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில், சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் நரை. என் முகமே அங்கே உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது.

"ஒக்காரு" என்றான்.

"வேணாம்." உட்கார்ந்தால் சொல்லாமலே எழுந்து போய்விடுவேன் என்று பட்டது. நின்றபடியே, "அண்ணே" என்று ஆரம்பித்தேன்.

அவன் சிரித்துவிட்டான். "முப்பத்து நாலு வருசமா வராத அண்ணே இப்ப வருதா? சொல்லு, என்னா காரியம்?"

சொன்னேன். கவுண்டர், கீத், பாதிரியார், மூன்று மாதம், கையெழுத்து எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். நடுவில் ஒரு லோரி மேடையில் ஏறியது. அவன் எடையைப் பார்த்தான், சீட்டை நீட்டினான், லோரி இறங்கிப் போனது. என் பேச்சுக்கு அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அன்னிக்கு பஸ் வரலன்னு சொன்னது பொய்" என்றேன். அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து வரவில்லை. வந்துவிட்டது.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டா கேக்கல?"

"நீயே சொல்லுவன்னு பாத்தேன்."

"வேலைக்குப் போனேன்டா. நம்பர் மாறிட்டா வேல கெடைக்காதுன்னு பயம். உன்கிட்ட சொல்லாம போனது தப்பு. பெரிய தப்பு. மன்னிச்சிருடா."

இன்னொரு லோரி வந்தது. அவன் அதையும் அனுப்பினான். பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேசினான். "நான் அன்னிக்கு வாசல்லயே நின்னேன். உள்ள போய் ஒக்காந்தா நீ வர்றது தெரியாதுன்னு. ஒவ்வொரு பஸ்ஸா பாத்தேன். காவலுக்கு இருந்த ஜாகா ரெண்டு தடவ வந்து என்னா வேணும்னு கேட்டாரு. என் தங்கச்சி வரும்னு சொன்னேன். பதினொன்றர வரைக்கும் நின்னேன்."

பதினொன்றரைக்கு நான் தொழிற்சாலையில் அளவு பார்க்கக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"வர்ற வியாழக்கிழம, ஈப்போவுல ஒம்பது மணிக்கு நேரம் கேட்டு வாங்கியிருக்கேன். வருவியா?" என்றேன்.

"பாப்போம்லா" என்றான். "லோரி நிக்கிது. நீ கெளம்பு."

அந்த 'பாப்போம்லா'வை வைத்துக்கொண்டு ஆறு நாள் ஓட்டினேன். வருவான் என்றும் எடுத்துக்கொள்ளலாம், வர மாட்டான் என்றும் எடுத்துக்கொள்ளலாம். போன் போட்டால் எடுக்கவில்லை. கீத்துக்கு வியாழக்கிழமை வேலை. தனியாகத்தான் போனேன்.

எட்டே முக்காலுக்கு அலுவலக வாசலில் நின்றேன். ஒன்பது மணிக்கு என் வரிசை எண்ணைக் கூப்பிட்டார்கள். ஆள் வரவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஒன்பதரை. பத்து. உள்ளே போய் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் அவன் வருவது தெரியாது. வாசலுக்கும் படிக்கட்டுக்கும் நடந்தேன். ஒவ்வொரு காரையும் பார்த்தேன், ஒவ்வொரு மோட்டார் சைக்கிளையும் பார்த்தேன். தலைக்கவசம் போட்ட எல்லாரும் அவனாகத் தெரிந்தார்கள். காவலாளி வந்து, "யாருக்கு நிக்கிறீங்க?" என்று கேட்டார். "அண்ணன் வருவாரு" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

பத்தரைக்கு அழுகை வந்தது. பதினொன்றுக்குக் கோபம் வந்தது. வராவிட்டால் ஆலைக்கே போய் அவன் எடை மேடையில் காரை ஏற்றி நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். பிறகு, அவனுக்கு அன்று கோபப்படக்கூட யாரும் எதிரில் இருக்கவில்லையே என்று நினைத்தேன். அந்த நினைப்பு என்னை ஓர் இடத்தில் நிற்க வைத்தது.

சரியாகப் பதினொன்றரைக்குத் தனே சாலையைக் கடந்து வந்தான். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"எங்கடா இருந்த?"

"எதிர்க் கடையிலதான். எட்டரையிலேர்ந்து. ரெண்டு கோப்பி குடிச்சேன்."

அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அறைவதற்கு எனக்கு ஒரு நியாயமும் இல்லை. "என்னயப் பாத்துக்கிட்டே இருந்தியா?" என்று மட்டும் கேட்டேன்.

"ம்" என்றான். "பத்து மணிக்கே வந்துடலாம்னு நெனச்சேன். கால் வரல."

உள்ளே எல்லாரும் புவான் என்று மரியாதையாகக் கூப்பிட்ட ஒரு வயதான மலாய் அதிகாரி எங்கள் பழைய தாள்களை விரித்து வைத்துப் பொறுமையாகப் படித்தார். டிரசரின் தாள், கிராணியின் பாரம். பின்னால் பிறந்தது மூத்தது என்ற விஷயத்தை நான் விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

தனே முன்னால் சாய்ந்து, "அப்ப இந்த ரெண்டு நம்பரையும் மாத்திக் குடுத்துடலாம்தானே? அவங்களோடது எனக்கு, என்னோடது அவங்களுக்கு" என்று கேட்டான். இருபத்திரண்டு நோட்டுகள் என் கண்முன் வந்தன.

"முடியாது, என்சிக்" என்றார் அவர். "ஒருத்தர் பயன்படுத்துன நம்பர இன்னொருத்தருக்குக் குடுக்க மாட்டோம். ரெண்டையும் ரத்து செஞ்சிட்டு ரெண்டு பேருக்கும் புது நம்பர்."

தனே பின்னால் சாய்ந்தான். பேனாவைக் கீழே வைத்துவிட்டான். அவன் முகம் அந்தப் புதன்கிழமை பெட்டியோடு வீட்டு வாசலில் நின்றபோது இருந்த முகம். பதினேழு வருடமாக அவனுடையது என்று அவன் நினைத்த எண், அவன் ஆறு வருடம் ஒவ்வொரு பகா எண்ணாகத் தட்டிப் பார்த்த எண், இனி அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. என் கல்யாணத்துக்காக அதைச் சாகடிக்கத்தான் அவனை அழைத்து வந்திருக்கிறேன்.

"டேய், வேணாம்னா போலாம்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். சொல்லும்போது கீத்தின் முகம் வந்தது, ஆனாலும் சொன்னேன். "இன்னொரு தடவ உன் நம்பர நான் கெடுக்க மாட்டேன். வா, போலாம்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியிடம், "ரத்து செஞ்ச நம்பர வேற யாருக்கும் எப்பவும் குடுக்க மாட்டீங்கதானே?" என்று கேட்டான்.

"எப்பவும் இல்ல."

"சரி" என்றான். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான்.

மூன்று வாரம் கழித்துப் புது அட்டைகளை வாங்க வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அன்று அவன் எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றான். அட்டைகளை வாங்கிக்கொண்டு எதிர்க் கோப்பிக் கடைக்குப் போனோம். அவன் உட்கார்ந்திருந்த அதே மேசை. அங்கிருந்து பார்த்தால் அலுவலக வாசல் நன்றாகத் தெரிந்தது. நான் நடந்த இடம் முழுக்கத் தெரிந்தது.

தனே அட்டையைத் தூக்கிப் பார்த்தான். கடைசி நான்கு 6429. உதடுகள் அசைந்தன, இரண்டு நொடிகூட ஆகவில்லை.

"மூணால போவுது" என்றான். "பன்னெண்டு எலக்கத்தயும் கூட்டுனா அம்பத்து நாலு. மொதத் தட்டுலயே ஒடஞ்சிடுச்சி." சிரிக்கத்தான் பார்த்தான். முடியவில்லை. அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கோப்பியைக் கலக்கினான், கலக்கிக்கொண்டே இருந்தான்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. என் அட்டையை எடுத்தேன். 6144. வாழ்க்கையில் முதல் முறையாக நானும் கூட்டினேன், விரல் விட்டு. முதல் எட்டு இலக்கமும் இருவருக்கும் ஒன்றுதான், கூட்டினால் முப்பத்து மூன்று. ஆறு, ஒன்று, நாலு, நாலு, பதினைந்து. தப்பாக இருக்குமோ என்று இன்னொரு தடவை கூட்டினேன்.

"டேய், என்னோடது நாப்பத்தெட்டு. இதுவும் மூணால போவும்தானே?"

கரண்டி நின்றது. அவன் என் அட்டையை வாங்கித் தன் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் அன்று தீபாவளிக்குச் சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருந்தது. அவனுக்கும் நினைவிருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. நானே சொன்னேன்.

"பழசுல ஒண்ண விட்டா வேற ஒண்ணுமே கெடையாதுன்ன. இப்ப நமக்கு மூணு இருக்குடா."

அவன் மேசையில் கிடந்த கடை ரசீதைத் திருப்பி, பேனாவை எடுத்து, இரண்டு எண்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி இடது பக்கம் ஒரு 3 போட்டான். கீழே வகுக்க ஆரம்பித்து நிறுத்திவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் துடைத்துக்கொண்டேன். பக்கத்து மேசை ஆள் பார்த்தார். இந்தத் தடவை நான் ஒன்றும் கேட்கவில்லை.

"கல்யாணம் எத்தன மணிக்கு?" என்றான்.

"ஒம்பதுக்கு."

"லோரி நெறைய வந்துட்டா கொஞ்சம் லேட்டாவும்."

"வா. சர்ச் வாசல்லதான் நிப்பேன்" என்றேன். "பதினொன்றர வரைக்கும் நிப்பேன்."